ஜோகுபாளையத்தில் ஒரே எண்ணில் இரண்டு கம்ப்யூட்டர்கள்

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை காலையில் என் வீட்டு இன்டர்நெட் நின்றுபோனது. போன் செய்தேன். எந்த ஊரில் இருந்தாரோ, ஒரு பெண் உட்கார்ந்த இடத்திலிருந்தே என் வீட்டு ரௌட்டருக்குள் எட்டிப் பார்த்தார். "சார், உங்க டி.வி.யும் லேப்டாப்பும் ஒரே ஐ.பி. அட்ரஸ்ல இருந்துச்சு. மாத்திட்டேன், இப்ப பாருங்க" என்றார். டயரியில் குறித்துக்கொண்டேன்: புகார் 9.42, தீர்வு 9.46. அவர் என் வீட்டுக்கு வரவில்லை, செருப்பைக் கழற்றவில்லை, காபி வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு மூன்றாவது தடவை வாங்கிக் குடிக்கவில்லை. வீட்டில் எத்தனை பேர் என்றுகூடக் கேட்கவில்லை.

இதே கோளாறுக்கு 2004-இல் எனக்கு ஐந்து நாள் பிடித்தது. அந்த ஐந்து நாளும் டயரியில் நிமிடம் தவறாமல் இருக்கின்றன. மாதத்தையும் தேதியையும் மட்டும் இங்கே விட்டுவிடுகிறேன். அந்தக் கோளாறு வந்த குடும்பம் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறது. கிழமையும் மணியும் போதும்.

நான் 1991-இல் இந்த வேலைக்கு வந்தேன். அப்போது ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றையும் ஒரே கறுப்பு வயர் வரிசையாகத் தொட்டுக்கொண்டு போகும். நடுவில் ஒருவர் காலை நீட்டி ஓர் இணைப்பைத் தளர்த்தினால் மொத்த அலுவலகமும் நின்றுவிடும். முதல் ஏழு வருடம் மேசைகளுக்கு அடியில்தான் கழிந்தது. பெங்களூரின் பெரிய மனிதர்கள் பலருடைய காலணிகளை நன்றாக அறிவேன், முகம் தெரியாது. அப்புறம் வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கும் ஒரு கம்பெனிக்கு மாறினேன். அங்கேயே ஓய்வு பெற்றேன்.

ஐ.பி. அட்ரஸ் என்பது ஒரு நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தரப்படும் எண். புள்ளி வைத்து நான்கு பகுதியாக நீளமாக இருக்கும். ஒரு வீட்டுக்குள் கடைசிப் பகுதி மட்டும்தான் ஆளுக்கு ஆள் மாறும், அதனால் நாங்கள் பன்னிரண்டு, இருபத்தைந்து என்று சுருக்கிச் சொல்வோம். இப்போது ரௌட்டரே எண்களைப் பகிர்ந்து கொடுத்துவிடுகிறது. அன்றைக்கு நாங்கள் கையால் பதிய வேண்டும். ஒரே எண்ணை இரண்டு கம்ப்யூட்டர்களுக்குப் பதிந்துவிட்டால் சண்டை. பஸ் சீட்டில் முதலில் துண்டு போட்டவருக்கே இடம் என்பதுபோல, முதலில் ஆன் ஆன கம்ப்யூட்டர் எண்ணைப் பிடித்துக்கொள்ளும். பின்னால் வரும் கம்ப்யூட்டர், இந்த எண்ணில் வேறொன்று ஏற்கெனவே இருக்கிறது என்று திரையில் ஒரு வரி எழுதிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அதற்கு இன்டர்நெட் கிடையாது.

எங்கள் சர்வீஸ் பிரிவின் தலைவர் ருத்ரப்பா. தும்கூர்ப் பக்கத்துக்காரர், கன்னடமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பேசுவார், இரண்டிலும் குரலை உயர்த்த மாட்டார். நாங்கள் எழுதிக் கொடுக்கும் ரிப்போர்ட்டைப் படிப்பதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். பிறகு ஒவ்வொரு சொல்லாக, மெல்ல, சத்தமாகப் படிப்பார். ஒருமுறை "ஏதோ தளர்வு காரணமாக" என்று எழுதியிருந்தேன்.

"ஏதோ அந்த்ரெ ஏனு? ஏதோன்னா என்ன? எங்க இருக்கு? எவ்ளோ நீளம்?" என்றார்.

"தெரியல சார்."

"தெரியலன்னு எழுது. 'ஏதோ'வுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

எண் மோதலுக்கு அவர் வகுத்த முறை இது. முதலில் வீட்டில் எத்தனை கம்ப்யூட்டர் என்று எண்ணு. எல்லாவற்றையும் அணை. உன் லேப்டாப்பை மாட்டி, மோதலில் உள்ள எண்ணைக் கூப்பிட்டுப் பார். பதில் வந்தால் நீ எண்ணாத ஒரு கம்ப்யூட்டர் எங்கோ இருக்கிறது. எதிராளியின் அடையாளத்தை எழுதிக்கொள். ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் தயாரிக்கும்போதே பன்னிரண்டு எழுத்தில் ஓர் அடையாளம் பொறிக்கப்பட்டிருக்கும், மோதல் நடந்தால் கம்ப்யூட்டரின் குறிப்பேட்டில் அது பதிவாகும். கடைசியில் புது எண் கொடுத்து, அதை ஒரு சீட்டில் தெளிவாக எழுதி கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டு வா.

மனிதர்களுக்கு அவரிடம் வேறு முறை இருந்தது. பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலைக்கு நான் உட்காரும் வரிசைப்படி எண் கொடுத்திருந்தேன். அதில் ஜெனரல் மேனேஜருக்குப் பதினேழு வந்தது. "இந்த ஃபாக்டரில நான் பதினேழாவது ஆளா?" என்று கேட்டவர், யாரையோ கூப்பிட்டுத் தன் கம்ப்யூட்டருக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டார். ஒன்று ரௌட்டரின் எண். அவர் 9.40-க்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் தொழிற்சாலை முழுவதும் நின்றது, அவர் கிளம்பியதும் ஓடியது. ஆறு நாள் நான் வயர்களை மாற்றிக்கொண்டிருந்தேன். "அவரு வந்தாலே எல்லாம் நின்னுடும்னு நாங்க பத்து வருஷமா சொல்றோம்பா" என்றார் ஸ்டோர்ஸில் ஒருவர். ருத்ரப்பா கேட்டுவிட்டு, "ரௌட்டருக்குக் கடைசி நம்பர் கொடு. அதுக்கு மான அவமானம் இல்ல. ஒண்ணு அவருக்கே இருக்கட்டும்" என்றார். முடிந்தது.

இனி ஜோகுபாளையம்.

சுமதி என்ற பெண், வயது முப்பதுக்குள். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்ததும் பேசிப் பதிவு செய்வதை வீட்டிலிருந்தே கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. அன்று பெங்களூரில் நிறையப் பேர் செய்துவந்தார்கள். கைக்குழந்தை இருந்ததால் வெளியே போகாமல் செய்யக்கூடிய வேலையாகத் தேடி, ஒரு பரீட்சையும் எழுதி வாங்கியிருந்தார். இணைப்பு அவர் பெயரில் இருந்தது, கொடுக்கச் சொன்னது அவருடைய கம்பெனி. நோயாளிகளின் விவரம் போய்வரும் இணைப்பு என்பதால், அது வீட்டுச் சுவரைத் தாண்டக் கூடாது, வேறு யாருக்கும் பகிரக் கூடாது என்று அவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வீட்டில் அவருடைய கம்ப்யூட்டர் ஒன்று, பொம்மசந்திராவில் ஷிப்டு வேலை பார்க்கும் கணவரின் பழைய கம்ப்யூட்டர் ஒன்று. ஒரு சின்ன ரௌட்டர். இவ்வளவுதான் நெட்வொர்க்.

திங்கள், காலை 10.15. கதவைத் திறந்தவர் சுமதியின் மாமனார் தட்சிணாமூர்த்தி. மாநில அரசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், பளிச்சென்று சலவை வேட்டி. நான் உட்காருவதற்குள் காபி வந்தது.

"தினம் பதினோரு மணிக்குக் கரெக்டா போயிடுது சார்" என்றார் சுமதி. "கரண்ட் போகுது, வருது. வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டா இந்த மெசேஜ் வருது. பன்னெண்டு மணிக்குள்ள ஃபைலை அனுப்பணும். போன வாரம் ரெண்டு தடவை லேட் ஆகி ரெண்டு மெமோ வந்துடுச்சு. மூணாவது வந்தா வேலை போயிடும்."

"அதெல்லாம் போகாதும்மா. சார் வந்துட்டார்ல" என்றார் மாமனார், என் டம்ளரைப் பார்த்தபடி.

முறைப்படி எண்ணினேன். இரண்டு கம்ப்யூட்டர்கள். குறிப்பேட்டைத் திறந்தேன். பன்னிரண்டாம் எண்ணுக்காக ஒரு கம்ப்யூட்டர் சுமதியின் கம்ப்யூட்டரோடு தினமும் மோதியிருந்தது. அதன் அடையாளம் 1C என்று முடிந்தது. வீட்டிலிருந்த இரண்டில் எதுவும் 1C அல்ல. இரண்டையும் அணைத்துவிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், பதிலில்லை. மணி 10.40.

"வீட்ல வேற கம்ப்யூட்டர் ஏதாவது இருக்கா சார்?"

"வேறயா?" என்றார் தட்சிணாமூர்த்தி. "வேற எதுக்கு சார் நமக்கு? இன்னொரு காபி?"

சுமதிக்கு இருபத்தைந்து என்று புது எண் கொடுத்தேன். சீட்டில் எழுதி ஒட்டினேன். 11.40 வரை உட்கார்ந்திருந்தேன். கரண்ட் போகவில்லை, மோதல் வரவில்லை. ஃபைல் 11.20-க்கே போய்விட்டது. தீர்ந்தது என்று எழுதினேன்.

செவ்வாய் 11.15-க்கு போன். போய்ப் பார்த்தால் குறிப்பேட்டில் மோதல், இருபத்தைந்தாம் எண்ணுக்காக. எதிராளி அதே 1C. ஃபைல் எப்படியோ 11.52-க்குப் போயிருந்தது. எழுபத்தேழு கொடுத்து, சீட்டு எழுதி ஒட்டினேன். புதன் 11.10-க்கு போன். மோதல், எழுபத்தேழாம் எண்ணுக்காக. அதே 1C.

பதின்மூன்று வருட வேலையில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. கோளாறு ஓரிடத்தில் இருக்கும், நாம் அதைத் தேடிப் போவோம். இங்கே நான் விலகி விலகிப் போக, அது என்னைத் தேடி வந்துகொண்டிருந்தது. புதனன்று வீடு முழுவதும் தேடினேன். அலமாரியின் பின்னால் பார்த்தேன். சமையலறையில் மிக்ஸியின் அடியில் பார்த்தேன். மாடிக்குப் போனேன். பக்கத்து வீட்டு மாடியும் இதுவும் ஒட்டியே இருந்தன, நடுவில் இடுப்பளவுச் சுவர். இந்த மாடியிலிருந்து அந்த மாடிக்குக் கொடி கட்டி, இடைவெளியில்லாமல் துணி காயப்போட்டிருந்தார்கள். துண்டு, போர்வை, குழந்தையின் சட்டைகள். வேறு ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டு இறங்கினேன்.

"மாடில என்ன சார் இருக்கப்போகுது?" என்றார் தட்சிணாமூர்த்தி. அவருக்கு வியர்த்திருந்தது. படி ஏறியதால் என்று நினைத்தேன்.

நூற்றி நாற்பது கொடுத்துவிட்டு வந்தேன். வியாழன் 11.08-க்கு போன். நூற்றி நாற்பது. 1C. அன்று ஃபைல் போனது 11.59-க்கு. சுமதி மறுபடி போன் செய்தார். "நாளைக்கு வெள்ளிக்கிழமை, ஃபைல் அதிகம். போகலன்னா என்ன பண்றதுன்னே தெரியல."

அன்று நான் உடனே ஜோகுபாளையம் போகவில்லை, முதலில் ருத்ரப்பாவிடம் போனேன். எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் படித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"நம்பரை எங்க ஒட்டுற?"

"கம்ப்யூட்டர் பக்கத்துல சார். நம்ம முறைப்படிதான்."

"ம். மெஷினுக்குச் சீட்டுப் படிக்க வராது. அது ஒருத்தர் பின்னாடியும் வராது. பின்னாடி வர்றது மனுஷன்." கண்ணைத் திறந்தார். "கரண்ட் தினமும் பதினொண்ணுக்குப் போகுதுன்னு யார் சொன்னாங்க?"

"அந்தம்மா."

"தெருவைக் கேட்டியா?"

கேட்கவில்லை. அன்று மாலை நாலரைக்குப் போய், சுமதி வீட்டுக்கு எதிரே இருந்த தையல் கடையில் கேட்டேன். தையல்காரர் மோட்டார் மெஷினிலிருந்து காலை எடுக்காமலே பேசினார்.

"கரண்டா? இந்த வாரம் பதினோரு மணிக்குப் போகவே இல்லியே. அந்த வீட்ல மட்டும் ஃபேன் நிக்குது. நானும் பார்க்கறேன், பெரியவர் கீழ வருவாரு, மீட்டர் பொட்டிகிட்ட நிப்பாரு, மேல போயிடுவாரு. வேண்டுதலோ என்னவோன்னு விட்டுட்டேன்."

வெள்ளி, காலை 10.30. வழக்கம்போலப் போனேன், வழக்கம்போலக் காபி குடித்தேன். சுமதி காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தார். 10.55-க்கு, காருக்குப் போய் ஒரு வயர் எடுத்து வருகிறேன் என்றேன். என்னிடம் கார் கிடையாது, யாரும் அதைக் கவனிக்கவில்லை. கீழே மாடிப்படிக்கு அடியில், ஒரு பழைய மொபெட்டின் பின்னால் நின்றுகொண்டேன். எதிரே மீட்டர் பெட்டி.

11.06. தட்சிணாமூர்த்தி இறங்கி வந்தார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். பெட்டியைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்கினார். அதைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நிதானமாக எண்ணத் தொடங்கினார்.

நாற்பது வரை பொறுத்தேன். பிறகு வெளியே வந்தேன்.

"என்ன சார் பண்றீங்க?"

அவர் திடுக்கிட்டார். ஆனால் எண்ணிக்கையை விடவில்லை. "நாப்பத்தி மூணு... எண்ணிட்டிருக்கேன் சார்... நாப்பத்தி நாலு..."

"எதுக்கு?"

"உங்க ஆளுங்கதானே... நாப்பத்தாறு... போன்ல சொன்னாங்க, நெட் வரலன்னா ரெண்டு நிமிஷம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு... நாப்பத்தெட்டு..."

"நெட் வந்துட்டுதானே சார் இருந்துச்சு? உங்க மருமக வேலை செஞ்சிட்டிருந்தாங்களே. யாருக்கு வரல?"

அவர் ஐம்பதில் நின்றார். அதற்குள் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணா! இன்னும் வரலை! சீக்கிரம், மணி ஓடுது!"

அது அவருடைய தம்பி கோதண்டம். ரயில்வேயில் கூட்ஸ் வண்டிக் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் தம்பி இருவர் வீடுகளும் சுவரோடு சுவராகக் கட்டியவை. நான் ஃபியூஸை வாங்கி மாட்டிவிட்டு மாடிக்கு ஓடினேன், பெரியவர் பின்னாலேயே வந்தார். கொடியில் காய்ந்த போர்வையை விலக்கினேன். கொடிக் கம்பியோடு கம்பியாக, கிளிப் போட்டு, ஒரு நீல நெட்வொர்க் வயர் சுவரைத் தாண்டி அந்த வீட்டுக்குள் போயிற்று. புதன்கிழமை அதற்கு ஒரு முழம் தள்ளி நின்று, ஒன்றுமில்லை என்று எழுதியவன் நான்.

சுவரைத் தாண்டிப் போனால், மாடியிலேயே கோதண்டத்தின் அறை, அதில் யு.பி.எஸ்.ஸோடு ஒரு கம்ப்யூட்டர். திரையில் சதுரங்கப் பலகை, மேலே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கீழே ரௌட்டர் உயிர்பெற்றதும் இது நூற்றி நாற்பதைப் பிடித்துக்கொண்டுவிட்டது. சுமதியிடம் கம்ப்யூட்டர் கொடுத்தவர்கள், கரண்ட் வந்தால் ஐந்து நிமிடம் பொறுத்துப் போடச் சொல்லியிருந்தார்கள். தினமும் அவர் பொறுத்தார், தினமும் இவர் முந்தினார், இவர் ஆட்டம் முடித்து அணைத்த பிறகுதான் அவருக்கு லைன் வந்தது.

"ஃபின்லாண்டுக்காரன் சார்" என்றார் கோதண்டம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "தினம் பதினோரு மணிக்கு வருவான், அவனுக்குக் காலை எட்டரை. ரொம்ப ஒழுங்கானவன். ஒரு பத்து நிமிஷம் கொடுங்க, அவனோட ராணி மாட்டிக்கிட்டிருக்கு."

நான் அவருடைய கம்ப்யூட்டரின் அடையாளத்தைப் பார்த்தேன். 1C.

"அதெல்லாம் சரி சார், எண்ணை எதுக்கு ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி மாத்துனீங்க? நான் மாத்தினப்புறமும் நீங்க பழைய பன்னெண்டுலயே இருந்திருந்தா ரெண்டு பேருக்கும் சண்டையே வந்திருக்காதே!"

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி ஃபின்லாண்டைப் பார்த்தார்.

"இவன்தான் சார் சொன்னான்" என்றார் தட்சிணாமூர்த்தி. "ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரே நம்பர்ல இருந்தா, கம்பெனிக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் தெரியும், கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு. நீங்க திங்கட்கிழமை நம்பரை மாத்தினதும் எங்களுக்கு உசுரே போச்சு. உடனே இவனை மாத்தச் சொன்னேன். நீங்க மாத்த மாத்த நாங்களும் மாத்தினோம்."

"சீட்டைப் பார்த்து."

"ஆமா சார். உங்க கையெழுத்து முத்து முத்தா இருந்துச்சு. கண்ணாடி இல்லாமயே படிச்சேன்."

மாட்டிக்கொள்ளாமல் இருக்க அவர்கள் செய்த ஒரே காரியம்தான் அவர்களை மாட்டிவிட்டது. மருமகளின் வேலை தன்னால்தான் ஆடிக்கொண்டிருந்தது என்பது அந்தப் பெரியவருக்கு அந்த நிமிடம் வரை தெரியாது. ரௌட்டர் ஏதோ சூடாகி நிற்கிறது, ஆஃப் செய்து ஆன் செய்தால் தம்பிக்கு வருகிறது, அவ்வளவுதான் அவர் அறிந்தது. பஸ் சீட்டையும் துண்டையும் சொல்லி நான் விளக்கியதும் அவர் முகம் வெளுத்தது. "அப்ப சுமதிக்கு மெமோ வந்தது..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்.

கோதண்டத்துக்கு அதில் வேறொன்று கேட்டது. "அப்ப ஒரு நம்பர் மாத்தினா போதுமா? ரெண்டு பேருக்கும் வரும்? அட, அதைச் செய்யுங்க சார் முதல்ல! நான் நூத்தி நாப்பத்தொண்ணு போட்டுக்கறேன்!"

போதும்தான். அரை நிமிட வேலை. சுமதியின் ஃபைல் போகும், ஃபின்லாண்டுக்காரனும் தோற்பான், மோதலும் இருக்காது. என் கை கீபோர்டுக்குப் போனது என்பதை மறைக்க மாட்டேன். மணி 11.19.

"சின்ன மாமா."

சுமதி சுவரருகே நின்றிருந்தார், இடுப்பில் குழந்தையோடு. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. போர்வையின் அடியில் நீல வயரைப் பிடித்திருந்தார்.

"நம்பர் மாத்தினா எனக்கு லைன் வந்துடும், சரி. நான் போட்ட கையெழுத்து? இதுல நோயாளிங்க பேரு, வியாதி எல்லாம் போகுது. சுவத்தைத் தாண்டாதுன்னு எழுதிக் கொடுத்திருக்கேன். நான் தினம் இது மேல துணி காயப்போட்டிருக்கேன்!"

"தப்புதாம்மா" என்றார் மாமனார்.

"தம்பி தனியா இருக்கானேன்னு நீங்க நினைச்சீங்க மாமா, எனக்குத் தெரியும். என்கிட்ட கேட்டிருந்தா அன்னைக்கே வேற வழி பார்த்திருப்பேன்."

"ஒரே ஒரு நிமிஷம்மா" என்றார் கோதண்டம். "அவன் ராணி..."

"ராணி இருக்கட்டும் சின்ன மாமா. உங்க ராஜாவைக் கவுத்துட்டு வாங்க. பன்னெண்டுக்கு இன்னும் நாப்பது நிமிஷம்தான் இருக்கு."

பாதியில் காணாமல் போவது மரியாதையில்லை என்று, ஜெயிக்கும் ஆட்டத்தை அவர் முறைப்படி விட்டுக்கொடுத்தார். 11.22. நான் வயரைப் பிடுங்கினேன். சுமதி குழந்தையை மாமனாரிடம் கொடுத்துவிட்டுக் கொடியிலிருந்து கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, வயரைச் சுருட்டி என் கையில் வைத்தார். பிறகு படியில் ஓடினார்.

அவருடைய கம்ப்யூட்டர் எழுந்து வர நான்கு நிமிடம் எடுத்தது. மோதல் செய்தி வரவில்லை. மீதமிருந்த இரண்டு ஃபைல்களை அடித்து முடிக்க 11.49 ஆயிற்று. அனுப்பும் பட்டை ஊர்ந்தது. கீழே எட்டிப் பார்த்தேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மீட்டர் பெட்டியை முதுகால் மறைத்தபடி தட்சிணாமூர்த்தி காவலுக்கு நின்றிருந்தார். தையல்காரர் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இன்று வேண்டுதல் மாறிவிட்டது என்று நினைத்திருப்பார்.

11.56-க்கு ஃபைல்கள் போயின. சுமதி காதிலிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு கேட்டார்: "சார், உங்க ரிப்போர்ட்டோட ஒரு காப்பி எங்க கம்பெனிக்குப் போகும், இல்ல?"

போகும். கோளாறு எத்தனை தடவை புகாராகிறதோ அத்தனைக்கும் காரணம் எழுதி அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தம். பக்கத்து வீட்டுக்கு வயர் போயிற்று என்று எழுதினால் மூன்றாவது மெமோவுக்கு அவசியமே இருக்காது.

"நான் பொய் எழுதினதில்லம்மா" என்றேன்.

"எழுத வேண்டாம் சார்" என்றார் அவர். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் மூன்று தடவை எழுதி மூன்று தடவை கிழித்தேன். மூன்று மணிக்கு ருத்ரப்பாவின் மேசையில் வைத்தது இது: "ஒரே எண் இரண்டு கம்ப்யூட்டர்களில் கையால் பதியப்பட்டிருந்தது. வீட்டின் ஃபியூஸ் தினமும் பதினொரு மணியளவில் கழன்றதால், பயனாளரின் கம்ப்யூட்டர் எண்ணை இழந்தது. ஃபியூஸ் பொருத்தப்பட்டது. காரணம் அகற்றப்பட்டது. கோளாறு மீண்டும் வராது." ஒவ்வொரு சொல்லும் உண்மை.

ருத்ரப்பா கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். படித்தார்.

"கையால. யாரோட கை?"

"வலது கை சார்."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஃபியூஸ் கழன்றது. தானாவா?"

"கழன்றதை நான் கண்ணால பார்த்தேன் சார். மாட்டினதும் நான்தான்."

"ரெண்டாவது கம்ப்யூட்டர்?"

"இப்ப அந்த லைன்ல இல்ல."

"வயர்?"

பையிலிருந்து நீலச் சுருளை எடுத்து மேசையில் வைத்தேன். அதில் ஒரு துணிக் கிளிப் இன்னும் மாட்டிக்கொண்டிருந்தது. ருத்ரப்பா அந்தக் கிளிப்பைத் திறந்து மூடிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அந்தப் பொண்ணோட ஃபைல்?"

"11.56-க்குப் போச்சு சார்."

"சரி." ரிப்போர்ட்டின் நான்காவது வாக்கியத்தின் மேல் விரலை வைத்தார். "இந்த அகற்றப்பட்ட காரணத்துக்கு வயசு எவ்ளோ?"

"அறுபத்திரெண்டு சார். பக்கத்து வீட்ல தனியா இருக்கார்."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். புது இணைப்புக்கான விண்ணப்பப் படிவம் ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார். அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.